டிப்மன் 98 கஸ்டம்: வெளியே கழற்றியதும் உள்ளே மாற்றியதும்

கைக்கு வந்தது ஒரு பழைய டிப்மன் 98 கஸ்டம், பெயிண்ட்பால் விளையாட்டில் பெயிண்ட் அடைத்த குண்டுகளை வாயு அழுத்தத்தால் சுடும் துப்பாக்கி. இதை மார்க்கர் என்பார்கள். 1998இல் வந்த வடிவமைப்பு, பெயரிலேயே வயது தெரிகிறது. பேட்டரி கிடையாது, சர்க்யூட் போர்டு கிடையாது. வார்ப்பு அலுமினியத்தில் இரண்டு பாதியாகப் பிரியும் உடல், அதற்குள் முன்னும் பின்னும் ஓடும் இரண்டு உருளைகள் (இவைதான் போல்ட்), ஒரு வால்வு, சில ஸ்பிரிங்குகள், அவ்வளவுதான். முன்பு வைத்திருந்தவர் வெளிப்புறத்துக்கு நிறையச் செலவு செய்திருந்தார். மிக நீளமான பேரல், தோளில் முட்டுக்கொடுக்க ஒரு கட்டை, மேலே ஒரு பட்டை, கீழே எதற்கென்றே தெரியாத இன்னொரு பட்டை. உள்ளே யாரும் எட்டிப் பார்த்த அடையாளம் மட்டும் இல்லை.

கோளாறு மூன்று. ட்ரிக்கரை ஒரு முறை இழுத்தால் சில நேரம் நாலைந்து முறை தானாகப் படபடவென்று அடித்தது. வாயு நிரப்பிய டேங்கை மாட்டியதும் பேரல் வாயிலிருந்து மெல்லிய 'உஸ்' சத்தம் வந்துகொண்டே இருந்தது. மூன்றாவது, குண்டு போகும் திசை. ஒன்று குறியில் போய் விழும், அடுத்தது தலைக்கு மேலே போகும், அதற்கடுத்தது பாதி வழியில் இறங்கிவிடும்.

மார்க்கரை மேம்படுத்துவது என்றாலே முதலில் பேரல் தேடுவதுதான் பலருக்கு வழக்கம். எனக்கு அதில் உடன்பாடில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தபோது எப்படி வேலை செய்ததோ, முதலில் அந்த நிலைக்கு அதைக் கொண்டுவர வேண்டும். அதற்கப்புறம்தான் எது மேம்பாடு, எது வெறும் அலங்காரம் என்று தெரியும். கசியும் வால்வுக்கு முன்னால் எவ்வளவு நல்ல பேரல் மாட்டினாலும் காசு கரிதான். ஆகவே தோள்கட்டையும் பட்டைகளும் முதலில் கழன்றன. கையில் எடை குறைந்தது உடனே தெரிந்தது. அந்தச் சாமான்கள் எதுவும் திரும்பவும் ஏறவில்லை.

திறப்பதற்கு முன் செய்ய வேண்டியதில் சமரசமே கிடையாது. குண்டுகளைக் கொட்டி வைக்கும் ஹாப்பரை எடுத்து, பேரலுக்குப் பின்னால் குண்டு வந்து நிற்கும் அறைக்குள் எதுவும் தங்கவில்லை என்று பார்த்து, டேங்கைக் கழற்றி, உள்ளே மிச்சமிருக்கும் காற்றை வெறுமனே சுட்டுத் தீர்க்க வேண்டும். டேங்க் போன பின்னும் குழாயிலும் வால்வு அறையிலும் ஒன்றிரண்டு ஷாட்டுக்கு வேண்டிய அழுத்தம் தங்கியிருக்கும். அது தீரும்வரை மாஸ்க் முகத்தில்தான் இருக்க வேண்டும். ஏறத்தாழ 3 கிராம் எடையுள்ள குண்டு விநாடிக்கு 300 அடி வேகத்தில் போனால் அதன் ஆற்றல் 12.5 ஜூல் அளவுக்கு வரும். கண்ணைப் பறிக்க அதில் பாதிகூட வேண்டாம்.

டேங்கைத் திருகும்போது இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். குறிப்பாகக் கார்பன் டை ஆக்சைடு பாட்டிலில், சுழல்வது வால்வோடு சேர்ந்த முழு டேங்கா, இல்லை வால்வு மட்டும் மார்க்கரில் டேங்க் மாட்டும் வாயான அடாப்டரிலேயே நிற்க பாட்டில் மட்டும் அதிலிருந்து கழன்று வருகிறதா என்று பார்க்க வேண்டும். பாட்டில் மட்டும் சுழன்றால் அந்த இடத்திலேயே கையை எடுத்துவிட்டு விவரம் தெரிந்தவரிடம் கொண்டுபோக வேண்டும். வால்விலிருந்து பிய்த்துக்கொண்டு பாட்டில் பறந்து ஆட்கள் இறந்த சம்பவங்கள் இந்த விளையாட்டில் உண்டு. வால்வின் கழுத்திலிருந்து பாட்டிலின் தோள்வரை நகப்பூச்சால் ஒரே கோடு இழுத்து வைத்தால் போதும். கோடு இரண்டாக விலகி நின்றால் வால்வு நகர்ந்திருக்கிறது என்று அர்த்தம்.

சரி, உள்ளே போகலாம்.

இந்த மார்க்கர் எப்படி வேலை செய்கிறது என்பது பிடிபட்டால் கோளாறில் பாதியை ஆலன் கீ எடுக்காமலேயே கண்டுபிடித்துவிடலாம். பின் போல்ட், பெரிய ஸ்பிரிங் ஒன்றை அழுத்திக்கொண்டு பின்னால் நிற்கும். அதைப் பிடித்து வைத்திருப்பது சியர் என்கிற சின்ன நெம்புகோல். ட்ரிக்கரை இழுத்தால் சியர் விலகும், பின் போல்ட் முன்னால் பாயும். ஓர் இணைப்புக் கம்பியால் அதோடு கோக்கப்பட்ட முன் போல்ட்டும் கூடவே போய்க் குண்டைப் பேரலுக்குள் தள்ளும். பின் போல்ட் வால்வின் முளையில் மோத, வால்வு ஒரு கணம் திறந்து மூடும். வெளிவந்த காற்று இரண்டாகப் பிரியும். ஒரு பங்கு முன்னால் போய்க் குண்டைச் செலுத்தும், இன்னொரு பங்கு பின் போல்ட்டைப் பின்னால் உதைக்கும். உதை போதுமென்றால் போல்ட் சியரைத் தாண்டிப் போய் மாட்டிக்கொள்ளும். போதாவிட்டால் சியரை எட்டாமல் நின்று, ஸ்பிரிங் திரும்பவும் தள்ள, திரும்பவும் வால்வில் மோதும். விரல் ஒரு முறைதான் இழுத்திருக்கும், மார்க்கர் தன்பாட்டுக்கு அடித்துக்கொண்டிருக்கும்.

இதைப் பார்த்துவிட்டு 'ஆட்டோ ஆயிடுச்சு' என்று சந்தோஷப்படுகிறவர்களும் இருக்கிறார்கள். முன் போல்ட் பாதி தூரம் போய்ப் பாதி தூரம் வருவதால் குண்டு அறையிலேயே உடைந்து கூழாகும். மைதானத்தில் பரிசோதிப்பவர் கண்ணில் பட்டால் மார்க்கரை வெளியே வைக்கச் சொல்லிவிடுவார். விரல் சொல்வதைக் கேட்காத மார்க்கரை யார் நம்புவார்கள்?

உதை குறைவதற்குக் காரணங்கள் சிலதான். டேங்கில் அழுத்தம் இறங்கியிருக்கலாம். பின் போல்ட்டைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம் (ஓ-ரிங்) தேய்ந்து காற்று ஓரமாக நழுவலாம். உள்ளே ஆயில் வற்றி, அழுக்கேறி உராய்வு கூடியிருக்கலாம். இல்லையென்றால் சியரின் முனையோ அது மாட்டும் போல்ட்டின் விளிம்போ மழுங்கியிருக்கலாம். முழுக்க நிரப்பிய டேங்கை மாட்டியும் படபடப்பு நிற்காததால் முதல் சந்தேகம் அங்கேயே தீர்ந்தது.

98ஐத் திறக்க ஆலன் கீ போதும். மெனக்கெட வேண்டியது ஸ்க்ரூக்களை வைக்கும் இடத்தில்தான். எல்லாம் ஒரே நீளமில்லை. ஓர் அட்டையில் மார்க்கரின் வெளிக்கோட்டை வரைந்து, கழற்றக் கழற்ற அந்தந்த இடத்தில் குத்தி வைத்துவிட்டேன். எல்லாம் கழன்றதும் ஒரு பக்கமாகப் படுக்கவைத்து, மேல் பாதியை நேராக மேலே தூக்க வேண்டும். வராவிட்டால் மரக்கட்டையின் பின்புறத்தால் லேசாகத் தட்டலாம். ஸ்க்ரூடிரைவரை இடுக்கில் விட்டு நெம்பினால் இரண்டு பாதியும் சேரும் விளிம்பு பிசிறடித்துப்போகும், பிறகு அது ஒழுங்காகப் பொருந்தாது. தூக்கும்போது பெரிய ஸ்பிரிங்கை ஒரு விரலால் அமுக்கிப் பிடிக்க வேண்டும். சியர் ஸ்பிரிங் குட்டியானது, துள்ளி விழுந்தால் தேடிக்கொண்டே இருக்கலாம். எதையும் தொடுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்துக்கொண்டேன். இணைப்புக் கம்பி எந்தப் பக்கம் வளைந்து உட்கார்ந்திருந்தது என்ற சண்டையை அந்தப் படம்தான் பின்னால் தீர்த்துவைத்தது.

பின் போல்ட்டை எடுத்து விளக்கடியில் திருப்பிப் பார்த்தபோதே விடை கிடைத்துவிட்டது. போல்ட்டைச் சுற்றி வெட்டிய பள்ளமான காடியில் உட்கார்ந்திருந்த ஓ-ரிங்கின் வெளிப்புறம் உருண்டையாக இல்லை, தட்டையாகியிருந்தது. ஒரு பக்கம் மங்கலாக, மறுபக்கம் கண்ணாடிபோல் பளபளப்பு. நகத்தால் அழுத்தினால் அமுங்கவில்லை, வயதான குக்கர் காஸ்கெட் மாதிரி இறுகிப்போயிருந்தது. பிளாஸ்டிக் குச்சியால் நெம்பி எடுத்தேன். எஃகு ஊசியால் எடுத்தால் காடியில் கீறல் விழும், கீறல் விழுந்த காடியில் புது ஓ-ரிங்கும் கசியும். வெளியே வந்த ரிங்கை மேசையில் வைத்தால் வட்டமாகவே இல்லை, முட்டை வடிவம். காடியின் அடியில் பழைய பெயிண்ட்டும் ஆயிலும் மண்ணும் கலந்த பழுப்புப் பசை, ஒரு பக்கம் தடிமனாக, ஒரு பக்கம் ஒன்றுமில்லாமல். ரிங் ஏன் ஒரு பக்கமாகவே தேய்ந்தது என்பதற்கும் காரணம் அதுதான். பசை ரிங்கை ஒரு புறம் தூக்கிப் பிடித்திருக்கிறது, அந்தப் புறம் உராய்ந்து தேய, எதிர்ப்புறத்தில் காற்று தாராளமாக வெளியேறியிருக்கிறது.

பஞ்சுக்குச்சியை வெதுவெதுப்பான நீரில் நனைத்துக் காடியை முழுக்கத் துடைத்து, காயவிட்டு, புது ரிங்கில் ஆயில் தடவி உருட்டாமல் நேராக ஏற்றினேன். உருண்டு ஏறினால் முறுக்கிக்கொண்டு நிற்கும், கொஞ்ச நாளில் அந்த இடத்திலேயே வெட்டுப்படும். கொஞ்சம் தடித்த ரிங் போட்டால் இன்னும் இறுக்கமாக இருக்குமே என்று தோன்றலாம். இறுக்கமாகத்தான் இருக்கும். உராய்வும் கூடி, போல்ட்டின் வேகம் குறைந்து, தீர்க்க வந்த கோளாறே திரும்பி வரும். தயாரிப்பாளர் சொன்ன அளவு எதுவோ அதுவே.

ஓ-ரிங்கில் அளவைப் பார்க்கிறவர்கள் பொருளைப் பார்ப்பதில்லை. சாதாரணக் கறுப்பு நைட்ரைல் ரப்பர் காற்றுக்கு நன்றாகவே தாங்கும். கார்பன் டை ஆக்சைடு அதற்குள் ஊறிவிடும். அழுத்தம் சட்டென்று இறங்கும்போது உள்ளே ஊறிய வாயு வெளியே வர முண்டியடித்து ரிங்கை உப்பவைக்கும், சில நேரம் கொப்பளம்போல் வெடிக்கவும் வைக்கும். டேங்க் வாயில் இருக்கும் ரிங்தான் இதில் அதிகம் அடிபடுவது. அதற்கு 015 என்ற அளவு: உள் விட்டம் 14 மில்லிமீட்டர், தடிமன் 1.78 மில்லிமீட்டர். அந்த இடத்துக்கு 90 கடினத்தன்மையுள்ள பாலியூரிதேன் ரிங்தான் சரி. கறுப்பு ரிங்கைவிடப் பல மடங்கு உழைக்கும்.

சியரின் முனையை உருப்பெருக்கிக் கண்ணாடியில் பார்த்தேன். விளிம்பு கூர்மையாகவே இருந்தது, லேசாகப் பளபளப்பு ஏறியிருந்தது, அவ்வளவுதான். துடைத்து அப்படியே வைத்தேன். இந்த இடத்தில் உப்புத்தாளை எடுக்க ஆசை வரும். ட்ரிக்கர் மெத்தென்று ஆகுமென்று சொல்லி இந்த முகத்தைத் தேய்க்கிறவர்கள் உண்டு. கோணம் துளி மாறினாலும் பிடிப்பு போய்விடும், அப்புறம் மார்க்கரைச் சற்றுப் பலமாகக் கீழே வைத்தாலே சுட்டுவிடும். தேய்ந்திருந்தால் புதிது போட வேண்டும், தேயாவிட்டால் தொடவே வேண்டாம்.

இரண்டாவது கோளாறான 'உஸ்' சத்தத்துக்குச் சுலப வைத்தியம் ஒன்று உண்டு. டேங்க் மாட்டும் அடாப்டரில் சில சொட்டு மார்க்கர் ஆயில் விட்டு, டேங்கை மாட்டி, குண்டில்லாமல் கொஞ்ச நேரம் சுட்டுக்கொண்டிருந்தால் ஆயில் காற்றோடு போய் வால்வை அடைக்கும் சின்ன மூடியான கப் சீலில் படியும். உலர்ந்திருந்த சீல் பல நேரம் அதிலேயே சரியாகிவிடும். இங்கே சத்தம் கொஞ்சம் குறைந்ததே தவிர நிற்கவில்லை. வால்வையும் பிரிக்க வேண்டியதாயிற்று.

கப் சீல் என்பது சட்டைப் பொத்தானைவிடச் சிறியது. அதன் முகத்தில் வால்வின் இருக்கை பதித்த வட்டத் தடம் ஒன்று இருக்கும், இருப்பது நல்லதுதான். என்னுடையதில் அந்தத் தடத்தின் குறுக்கே ஊசிமுனை அளவுக்கு ஒரு பள்ளம். சாய்த்துப் பார்த்தால்தான் தெரிந்தது. அதற்கு நேர் எதிரே இருக்கையில் ஒரு மணல் துகள் ஒட்டிக்கொண்டிருந்தது. எங்கிருந்து வந்திருக்கும்? டேங்கைக் கழற்றித் தரையில் வைத்தால் மரையில் மண் ஒட்டும், திரும்ப மாட்டும்போது காற்று அதை நேராக வால்வுக்கு ஊதிவிடும். வேறு வழியில் அது அங்கே போக முடியாது. இருக்கையை ஈரப் பஞ்சால் ஒற்றியெடுத்தேன், சுரண்டவில்லை. சீல் புதிது போட்டேன். டேங்க் மரைக்கு ஒரு ரப்பர் மூடி, அடாப்டர் வாய்க்கு ஒரு மூடி வாங்கினேன். இந்த வேலை முழுவதிலும் மலிவான மேம்பாடு இதுதான், இதைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

எல்லாம் பிரித்துக் கிடக்கும்போதே கழுவும் வேலையையும் முடித்துவிட்டேன். பெயிண்ட் குண்டின் ஓடு ஜெலட்டின், உள்ளே இருப்பது பெரும்பாலும் பாலிஎத்திலீன் கிளைகால். இரண்டுமே தண்ணீரில் கரையும். ஆகவே வெதுவெதுப்பான நீர், மென்மையான பல் துலக்கும் பிரஷ் போதும். பெட்ரோலும் தின்னரும் வேண்டாம். துரு நீக்கும் ஸ்பிரே எல்லா இடத்துக்கும் கைகண்ட மருந்து என்று நினைப்பு, இங்கே அதுவும் வேண்டாம். இருக்கிற ஆயிலைக் கழுவிவிட்டு மெல்லிய படலத்தை விட்டுப்போகும், சில ரப்பர்களை உப்பவும் வைக்கும். உடல் அலுமினியம் என்றாலும் போல்ட்டும் ஸ்பிரிங்கும் சியரும் எஃகு, ஈரம் தங்கினால் துருப்பிடிக்கும். துடைத்ததோடு விடாமல் நன்றாக உலரவிட்டு, எஃகுப் பகுதிகளில் ஆயில் துணியால் ஒரு பூச்சு கொடுத்தேன்.

பின் போல்ட் ஓடும் குழலில் வார்ப்பின் சொரசொரப்பு கொஞ்சம் தெரிந்தது. 2000 எண் ஈர உப்புத்தாளால் லேசாக வருடி, உலோகப் பாலிஷ் தடவி, துணியால் பளபளப்பு வரும்வரை தேய்த்தேன். நோக்கம் மேடு பள்ளத்தை மழுப்புவதுதான், உலோகத்தைக் குறைப்பதல்ல. குழல் அகன்றால் எந்த ஓ-ரிங்கும் காப்பாற்றாது. தேய்த்தபின் பாலிஷ் துகள் ஒன்றுகூட இல்லாமல் கழுவுவது தேய்ப்பதைவிட முக்கியம். மிச்சமிருந்தால் அது உள்ளேயே நின்று புது ரிங்கைத் தேய்க்கும்.

மூடும்போது ஸ்க்ரூக்களை ஒரு பக்கத்திலிருந்து வரிசையாக முடுக்காமல், எல்லாவற்றையும் கையால் பாதி ஏற்றி, பிறகு மாறி மாறி முடுக்கினேன். அலுமினிய மரை எஃகு ஸ்க்ரூவோடு போட்டி போட முடியாது, ஒரு சுற்று அதிகமானால் மரை உருண்டுவிடும். அதிர்வில் கழலாமலிருக்க நீல நிற மரைப் பசை ஒரு பொட்டு. சிவப்பு நிறம் வேண்டாம், அடுத்த முறை கழற்றச் சூடுகாட்ட வேண்டியிருக்கும்.

டேங்கை மாட்டினேன். சத்தமில்லை. இணைப்புகளில் எல்லாம் சோப்பு நீர் தடவிப் பார்த்தேன், ஒரு குமிழிகூட வரவில்லை. ட்ரிக்கரை மெதுவாக, வேகமாக, அரைகுறையாக இழுத்துப் பார்த்தேன். ஒரு இழுப்புக்கு ஒரு ஷாட்.

இவ்வளவும் பழுதுபார்ப்பு. மேம்பாடு என்று நான் சொல்லத் துணிவது இனி வருவதைத்தான், அதில் முதலிடம் காற்றுக்கு.

மார்க்கரோடு வந்தது கார்பன் டை ஆக்சைடு பாட்டில். பாட்டிலுக்குள் திரவமாக இருக்கும் இந்த வாயு, வெப்பநிலை என்ன சொல்கிறதோ அந்த அழுத்தத்தைத்தான் தரும். 0 டிகிரி செல்சியஸில் ஏறத்தாழ 500 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்ற அழுத்த அளவு), 20 டிகிரியில் 830, 30 டிகிரியில் 1000க்கு மேல். மார்க்கரில் அழுத்தத்தைச் சீராக்க ரெகுலேட்டர் இல்லையென்றால் இந்த ஏற்றஇறக்கம் முழுவதும் குண்டின் வேகத்தில் தெரியும். வேகமாகச் சுட்டால் திரவம் ஆவியாகி வெப்பத்தை உறிஞ்ச, பாட்டில் குளிர்ந்து அழுத்தம் இறங்கும். டேங்கைத் தவறாகச் சாய்த்தால் திரவமே வால்வுக்குள் வந்து, அங்கே விரிந்து, சீல்களை உறையவைக்கும், அடுத்த ஷாட் கண்டபடி எகிறும். தலைக்கு மேலே போன குண்டும் பாதி வழியில் விழுந்த குண்டும் பெரும்பாலும் இந்தக் கணக்குதான்.

உயர் அழுத்தக் காற்று டேங்கில் இந்தத் தொல்லை இல்லை. அலுமினிய டேங்க் என்றால் 3000 பிஎஸ்ஐ வரை நிரப்பலாம், கார்பன் இழை சுற்றியது என்றால் 4500. உள்ளே எவ்வளவு இருந்தாலும் தலையில் இருக்கும் ரெகுலேட்டர் வெளியே விடுவது ஒரே அளவு, வழக்கமாக 800 பிஎஸ்ஐ சுமார். 98க்கு அது சரியாகப் பொருந்தும். 450 பிஎஸ்ஐ தரும் டேங்குகளும் கிடைக்கின்றன, அவை வேறு வகை மார்க்கர்களுக்கானவை. இதில் மாட்டினால் உதை போதாமல் பழைய படபடப்பு வந்துவிடும். வாங்கும்போது அளவை மட்டும் பார்க்காமல் வெளியீட்டு அழுத்தத்தையும் கேட்க வேண்டும்.

இந்த டேங்குகளில் சோதனைத் தேதி பொறித்திருக்கும். அமெரிக்கப் போக்குவரத்துத் துறை விதிப்படி பொதுவாக 5 ஆண்டுக்கு ஒரு முறை நீர் அழுத்தச் சோதனை செய்ய வேண்டும். கார்பன் இழை டேங்குக்குப் பொதுவாக மொத்த ஆயுளே 15 ஆண்டு என்று வரம்பும் உண்டு. பழையது வாங்குகிறவர்கள் முதலில் தேடிப் பார்க்க வேண்டியது அந்தத் தேதியைத்தான். இன்னொன்று: நிரப்பும் முனையில் ஆயில் படவே கூடாது. ஆயிரக்கணக்கான பிஎஸ்ஐ காற்று சடாரென்று உள்ளே பாயும்போது எழும் வெப்பத்தில் ஆயில் பற்றிக்கொள்ளும். ஆயில் விட வேண்டிய இடம் மார்க்கரின் அடாப்டர், டேங்கின் நிரப்பும் முனை அல்ல. நிரப்பும்போதும் நிதானமாக. வேகமாக நிரப்பினால் டேங்க் சூடாகி முள் முழுசாகக் காட்டும், ஆறியதும் கீழே இறங்கி நிற்கும்.

அடுத்து குரோனோகிராஃப், அதாவது குண்டின் வேகத்தை அளக்கும் கருவி. வேகத்தை அளக்காமல் செய்யும் எந்த மேம்பாடும் யூகம்தான். பொதுவாக விநாடிக்கு 300 அடிதான் உச்ச வரம்பு, பல மைதானங்களில் 280, உள்ளரங்குகளில் அதற்கும் கீழே. 98இல் வேகத்தை மாற்றும் ஸ்க்ரூ உடலின் பக்கவாட்டில் இருக்கிறது. உள்ளே முடுக்கினால் காற்று போகும் வழி குறுகி வேகம் குறையும், வெளியே திருகினால் கூடும். கால் சுற்று திருப்பிச் சில குண்டுகள் சுட்டுப் பார்த்து, பிறகு அடுத்த கால் சுற்று. பழைய பாட்டிலோடு அளந்தபோது 260க்கும் 310க்கும் இடையே எங்கெங்கோ காட்டியது. காற்று டேங்கில் அதே மார்க்கர், அதே பேரல், 270க்கும் 290க்கும் நடுவே அடங்கியது. இன்னும் அகலம்தான்.

அந்த மிச்சத்தைக் குறைத்தது பேரல். நீளமான பேரல்தான் துல்லியம் என்ற நம்பிக்கை மற்றத் துப்பாக்கிகளிலிருந்து வந்தது. பெயிண்ட் குண்டு மெல்லிய ஓட்டுக்குள் திரவம், பேரலில் அதைச் சுழற்றிவிடும் வரிகளும் இல்லை. ஓரளவு தூரத்துக்கு மேல் காற்று குண்டைத் தள்ளுவது நின்று, பேரல் உராய்ந்து பிடித்து வைப்பதுதான் நடக்கும். அதனால் முன்னவர் மாட்டியிருந்த நீளப் பேரல் போனது, 14 அங்குலம் வந்தது. அதுகூட நீளத்துக்காக அல்ல, உள்விட்டத்தை மாற்ற அதில் செருகு குழல்கள் போட முடியும் என்பதற்காக.

குண்டின் பெயரளவு 0.68 அங்குலம், அதாவது 17.27 மில்லிமீட்டர். நிஜத்தில் பெட்டிக்குப் பெட்டி மாறும். ஜெலட்டின் ஈரத்தை இழுத்துக்கொள்வதால் ஒரே பெட்டிக் குண்டுகளே காலையில் ஒரு அளவு, மாலையில் இன்னொரு அளவு. பேரல் அகலமாக இருந்தால் குண்டின் ஓரமாகக் காற்று ஓடிப்போகும். ஒவ்வொரு குண்டுக்கும் ஓடிப்போகும் அளவு வேறு, ஆகவே வேகமும் வேறு. என்னிடம் 0.684, 0.689, 0.693 அங்குலச் செருகு குழல்கள் இருக்கின்றன. பேரலைக் கழற்றி, மார்க்கர் பக்கமிருந்து ஒரு குண்டைப் போட்டுப் பார்ப்பேன். தானாக உருண்டு மறுபக்கம் விழுந்தால் குழல் பெரிது. வாயால் பலமாக ஊதியும் நகராவிட்டால் சிறிது. போட்ட இடத்தில் நின்று, ஒரு ஊதலில் கிளம்பிப் போனால் அதுதான் பொருத்தம். இப்படிப் பொருத்திய பிறகு குரோனோவில் எல்லா வேகங்களும் ஏறத்தாழப் பத்து அடி வித்தியாசத்துக்குள் அடங்கிவிட்டன. இந்த மார்க்கரிடம் அதற்கு மேல் எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பேரல் வாங்குகிறவர்கள் மரையைக் கேட்டு வாங்க வேண்டும். டிப்மன் கம்பெனியிலேயே 98க்கும் ஏ-5 என்ற மாடலுக்கும் மரை வேறு, ஒன்றின் பேரல் மற்றதில் ஏறாது.

ஹாப்பர் விஷயம் சின்னது. தானாகச் சரிந்து விழும் சாதா ஹாப்பர் விநாடிக்கு எட்டுக் குண்டு தந்தால் பெரிது, அதுவும் கழுத்தில் ஒன்றோடொன்று முட்டி நிற்காமல் இருந்தால். கிளறிவிடும் மோட்டார் ஹாப்பர் ஒன்றை மாட்டினேன், அறையில் குண்டு உடைவது வெகுவாகக் குறைந்தது. கூடவே குண்டு பேரலுக்குள் முன்கூட்டியே நழுவாமல் தடுக்கும் ரப்பர் நிறுத்தியையும் மாற்றினேன். அது தேய்ந்தால் இரண்டு குண்டு ஒன்றாக நுழைந்து ஒன்று நிச்சயம் உடையும். காற்றின் உதையால் ட்ரிக்கரையே முன்னால் தள்ளிவிடும் கிட் ஒன்று உண்டு, விரல் வேகத்தைக் கூட்டித் தரும். பல மைதானங்களில் அனுமதி இல்லை, எனக்கும் அதில் ஆர்வமில்லை. இரட்டை விரல் ட்ரிக்கரும் அப்படித்தான். கைக்கு அழகாக இருக்கும், குண்டு போகும் இடத்தை அது மாற்றாது.

இப்போது ஆட்டம் முடிந்த கையோடு செய்வது இதுதான். பேரல் வாயில் உறை, ஹாப்பர் காலி, டேங்க் கழற்றல், மிச்சக் காற்று காலி. பேரலுக்குள் துணிக்குச்சி ஒரு முறை. பெயிண்ட் உடைந்திருந்தால் அன்றைக்கே ஈரத்துணியால் துடைத்துவிடுவேன். காய்ந்துவிட்டால் அடுத்த முறை அரைமணி நேரம் ஊறவைக்க வேண்டியிருக்கும். மார்க்கரை ஏற்றிய நிலையில் வைப்பதில்லை, ஸ்பிரிங் தளர்வாக இருக்கட்டும். அடுத்த ஆட்டத்துக்கு முன் அடாப்டரில் சில சொட்டு ஆயில். முழுக்கப் பிரிப்பது படபடப்போ சத்தமோ வந்தால் மட்டும், சும்மா இருப்பதைப் பிரித்துப் பிரித்து மரையைத் தேய்க்க வேண்டியதில்லை.

நண்பர் ஒருவர் தன் எலக்ட்ரானிக் மார்க்கருக்கும் இதே ஆயிலைக் கேட்டார். கொடுக்கவில்லை. அவருடையது போன்ற ஸ்பூல் வால்வு வகை மார்க்கர்களுக்கு வேண்டியது கெட்டியான கிரீஸ், ஓ-ரிங்கின் மேல் மெல்லிய பூச்சாக. ஆயில் விட்டால் அது கிரீஸைக் கரைத்துக்கொண்டு சோலினாய்டு என்ற மின் வால்வு வரை போய் அங்கே உட்கார்ந்துகொள்ளும். என்னுடையதில் அந்தக் கிரீஸைப் போட்டால் போல்ட் மந்தமாகும். மார்க்கருடன் வந்த கையேடு எதைச் சொல்கிறதோ அது மட்டும்.

பையில் எப்போதும் ஒரு சின்ன டப்பா இருக்கிறது. பின் போல்ட்டுக்கும் டேங்குக்கும் ஓ-ரிங்குகள் சில, ஒரு கப் சீல், ரப்பர் நிறுத்தி, சியர் ஸ்பிரிங், ஆலன் கீ, பஞ்சுக்குச்சி, நகப்பூச்சு. மைதானத்தில் இவற்றில் அதிகம் செலவாவது டேங்க் ஓ-ரிங்தான், பெரும்பாலும் என் டேங்குக்கு அல்ல, பக்கத்தில் நிற்பவருடையதற்கு. ஆயில் குப்பியை மட்டும் நிமிர்த்தியே வைத்திருக்கிறேன். சாய்ந்தால் டப்பா முழுக்க ஒழுகி, பஞ்சுக்குச்சி எதற்கும் உதவாது.